கரைக்குத் திரும்பாத காது

வரலாறு எண்டால் ஏடு, கல்வெட்டு, நாணயம் எண்டுதான் கலைப்பீடத்தில் எங்களுக்குப் பழக்கம். மனிதரே இல்லாத காலத்தைப் பற்றி வாதாடுபவர்கள் சான்றுக்கு எங்கே போவார்கள்? திமிங்கிலத்தின் கதையில் அவர்கள் போனது காதுக்குள். அதுவும் இரண்டு தடவை. முதல் தடவை காது சொன்னதை விடக் கூடுதலாகக் கேட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான இடம்.

1981 இல் ஜிஞ்சரிச், ரசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பாகிஸ்தானில் கிடைத்த ஒரு மண்டையோட்டுத் துண்டை வைத்து பாக்கிசீட்டஸ் என்ற விலங்குக்குப் பெயரிட்டார்கள். வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள். துண்டை மட்டும் வைத்துக்கொண்டு எப்படித் திமிங்கிலம் எண்டு சொன்னவை? நடுக்காதை மூடியிருக்கும் கிண்ணம் போன்ற எலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. இன்றைய திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் அடையாளம் காட்டும் தடிப்பு அது. சரி, திமிங்கில இனம்தான். ஆனால் 1980களில் வந்த ஓவியத்தில் அந்தப் பிராணி கடலில் சுழியோடி மீன் பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு எலும்பும் கையில் இல்லாமலே கீறிய படம்!

2001 இல் தேவிசன் குழு பாக்கிசீட்டஸின் மற்ற எலும்புகளை வெளியிட்டபோது, அதற்கு நடக்கவும் ஓடவும் கூடிய நான்கு மெல்லிய கால்கள் இருந்தன. அதோடு முடியவில்லை. ரங்க ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் காஷ்மீர் பக்கத்தில் சேகரித்த கற்கள், அவர் இறந்த பிறகு மனைவியிடம் இருந்தன. அவர் அவற்றைத் தேவிசனிடம் கொடுத்தார். கல்லிலிருந்து எலும்பைப் பிரிக்கும்போது ஆய்வுகூட உதவியாளரின் கைதவறி ஒரு காதெலும்பு உடைந்தது. உடைந்த இடத்தில் அதே தடித்த சுவர். 2007 இல் வெளியான அந்த விலங்கு இந்தோஹையஸ், பூனையளவு உடம்பு, குளம்புக் கால். திமிங்கிலம்கூட இல்லை, அதன் ஒன்றுவிட்ட உறவு. ஆக, தடித்த சுவர் யாருடைய சொந்தம் எண்டு சொல்லும். எப்போது கரையை விட்டது எண்டு சொல்லாது.

அதைச் சொன்னது இன்னும் உள்ளே இருக்கும் பகுதி. உட்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட பாகம் கேட்பதற்கு. அதன் பக்கத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உண்டு. தலை திரும்பும்போது திரவம் கொஞ்சம் பிந்தும். அந்தப் பிந்துதலை மூளை அசைவாக வாசிக்கும். சின்ன வயதில் கையை விரித்துக்கொண்டு சுற்றிவிட்டு நின்ற பிறகும் முற்றம் சுத்தினது இதனால்தான். 1820களில் ஃபுளூரன்ஸ் என்ற பிரெஞ்சு உடலியலாளர் புறாக்களின் கால்வாய்களை வெட்டிப் பார்த்தார். பாவம் அவை, காது கேட்டது, நிலை தடுமாறியது.

வளையம் பெரிதென்றால் உணர்திறன் கூட. கொப்புக்குக் கொப்பு பாயும் கிபன் குரங்குக்கு உடம்போடு ஒப்பிட்டால் பெரிய வளையங்கள். எங்கட காடுகளிலும் ஊர்ந்து திரிகிற தேவாங்குக்கு அப்படியில்லை. எலும்பு கல்லான பிறகும் இந்தக் கால்வாய்களின் வெற்றிடம் உள்ளே அப்படியே இருக்கும். உடைக்கத் தேவையில்லை, சீ.ரி. ஸ்கான் போதும்.

2002 இல் ஸ்பூர், பஜ்பாய், ஹுசைன், குமார், தேவிசன் ஆகியோர் இதைச் செய்தார்கள். எல்லையின் இரண்டு பக்கத்து உயிர்ச்சுவடுகளும் ஒரே கட்டுரையில் வந்தன. பாக்கிசீட்டஸ் குடும்பத்துக் காதில் தரைவிலங்குக்குரிய அளவான வளையங்கள். இந்தியாவின் கச்சுப் பகுதியில் கிடைத்த, சில மில்லியன் ஆண்டுகள் மட்டுமே பிந்திய உறவுகளிடம் அவை சடாரென்று சுருங்கியிருந்தன. இடைநிலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. இத்தனைக்கும் அவற்றுக்கு இன்னும் கால்கள் இருந்தன!

ஏன் சுருங்கவேண்டும்? அவர்கள் கொடுத்த விளக்கம் கழுத்து. ஓடுகிற நாயைப் பாருங்கோ, உடம்பு குலுங்கினாலும் கழுத்து ஈடுகொடுத்துத் தலையை நிதானமாக வைத்திருக்கும். நீந்தும் திமிங்கிலத்துக்குக் கழுத்து குறுகி இறுகிவிட்டது. உடம்பின் ஒவ்வொரு புரளலும் நேரே தலைக்குப் போகும். பழைய கூர்மையான கால்வாயோடு அப்படி நீந்தினால் ஓயாத தலைச்சுற்றுத்தான். ஆனால் உணர்வு மழுங்கிய காதோடு நிலத்தில் பாய்ந்து ஓடவும் முடியாது. திரும்ப முடியாத எல்லையை மிக ஆரம்பத்திலேயே தாண்டிவிட்டன என்று அவர்கள் முடிவுசெய்தது அதனால்தான். எனக்கு இந்த வாதம் அந்தச் சுழியோடும் ஓவியத்தை விட உறுதியானதாகப் படுகிறது, அது ஒரு அளவில் நிற்கிறது, ஆசையில் அல்ல.

கடலுக்குப் போன எல்லோரும் இப்படி அவசரப்படவில்லை. யுரா யுகத்தில் கடலுக்கு இறங்கிய முதலை உறவினங்களின் உட்காதை 2020 இல் ஷ்வாப் குழு ஸ்கான் செய்தது. அங்கே கதை தலைகீழ். கால் துடுப்பானதும் வால் மாறியதும் முதலில். நீண்ட காலம் கரையும் தண்ணீருமாக வாழ்ந்த பிறகே காது மாறியது. எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே பயணம் போலத்தான் தெரியும்.

மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் படகேறிப் பார்க்கப் போகிறோமே நீலத்திமிங்கிலம், உலகின் மிகப் பெரிய விலங்கு. அதன் அரைவட்டக் கால்வாய்கள் எங்களுடையதை விடச் சின்னன்.