தரகர் என்ற பெயரும் வணிகர் என்ற பெயரும்

மதீனாவின் சந்தையில் வாங்கி விற்போரை மக்கள் ‘ஸமாஸிரா’ என்று அழைத்து வந்தனர். தரகர்கள் என்பது அதன் பொருள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அங்கு வந்து, அதனினும் அழகிய பெயரால், ‘துஜ்ஜார்’, அதாவது வணிகர்களே என்று அவர்களை விளித்தார்கள். விற்பனையில் வீண்பேச்சும் சத்தியம் செய்வதும் கலந்துவிடுகின்றன, எனவே தர்மத்தையும் அதில் கலந்துகொள்ளுங்கள் என்று பணித்தார்கள். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது.

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் பெயர் எதிர்த்திசையில் பயணித்திருக்கிறது. சம்பந்தம் பேசும் வீட்டில் மாப்பிள்ளையின் தொழில் என்னவென்று கேட்டு, ‘ரியல் எஸ்டேட்’ என்று பதில் வந்தால், ‘அதோடு வேறு ஏதாவது செய்கிறாரா?’ என்ற அடுத்த கேள்வி வருகிறது. ஜவுளி வாங்கி விற்பவரிடம் எவரும் அப்படிக் கேட்பதில்லை. வீடும் மனையும் வாங்கி விற்பவருக்கு மட்டும் ஏன் இந்த நிலை?

விடை நம் மண்ணின் அண்மைக்கால வரலாற்றில் இருக்கிறது. மானாவாரிப் பருத்தியும் சோளமும் விளைந்த இந்தப் பகுதியில் நிலம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்ததே தவிர, சரக்காகக் கைமாறியது குறைவு. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லைத் தேடி சிமெண்ட் ஆலைகள் வந்தபோது நிலத்துக்குப் புது விலை வந்தது. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டமானது. அரியலூரின் கதை இன்னும் விசித்திரமானது. 2001 ஜனவரியில் தனி மாவட்டம். 2002 மார்ச் இறுதியில் மீண்டும் பெரம்பலூருடன் இணைப்பு. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் தனி மாவட்டம். ஏழு ஆண்டுகளுக்குள் ஒரே ஊர் இருமுறை மாவட்டத் தலைநகரானால் அதைச் சுற்றியுள்ள மனைகளின் விலை என்ன பாடு பட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில்தான் பெரம்பலூர் மாவட்டத்தில் டிட்கோவும் ஜி.வி.கே. நிறுவனமும் சேர்ந்து சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைக்கவிருந்தன. ஏறத்தாழ 3,000 ஏக்கர் திரட்டப்பட்டது. பல ஆண்டுகள் அங்கு ஆலை எதுவும் எழவில்லை. 2022இல் எறையூரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பின்னரே அசைவு தெரிந்தது.

சாலை வருகிறது, அலுவலகம் வருகிறது, ஆலை வருகிறது என்ற செய்தி எல்லோர் காதையும் ஒரே நாளில் எட்டுவதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தத் தொழில் பெயரை இழந்தது. செய்தியறிந்தவர் கிராமத்துக்குப் போய், அறியாதவரிடம் பழைய விலைக்கு வாங்கினார். ஃபிக்ஹு நூல்களில் இதற்கு ‘தலக்கீ அர்ருக்பான்’ என்று பெயர் உண்டு. சரக்கோடு வரும் ஒட்டகக் கூட்டத்தை, சந்தை விலை தெரியுமுன் ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அளித்தார்கள். லாபம் எடுப்பது அங்கே தடுக்கப்படவில்லை. எதிராளியின் அறியாமையை முதலாக்குவதே தடுக்கப்பட்டது. நிலம் ஒட்டகத்தின் மேல் வருவதில்லை என்பதைத் தவிர இரண்டுக்கும் நாம் வேறுபாடு காணவில்லை.

இரண்டாவது காரணம், ‘அக்ரிமென்ட் போட்டுக் கைமாற்றுவது’. சிறிது முன்பணம் கொடுத்து ஆறு மாதத் தவணை பெறுவார்கள். அதற்குள் கூடுதல் விலைக்கு ஆள் பிடித்து, பழைய உரிமையாளரையே நேராக அவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கச் செய்வார்கள். இரண்டாவது முத்திரைத்தாள் செலவு மிச்சம். அசையாச் சொத்தைக் கைப்பற்றுமுன் விற்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. கூடாது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. நம் ராவுத்தர் ஊர்களில் ஹனஃபீ மத்ஹபைக் காட்டி இதை நியாயப்படுத்துவோர் உண்டு. ஆனால் இமாமவர்கள் பேசியது வாங்கி முடித்த சொத்தைப் பற்றி. இங்கே அவர் இன்னும் வாங்கவே இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும், கிரய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்றே 54ஆம் பிரிவில் சொல்கிறது. ‘பவர்’ எழுதி வாங்கி விற்பதும் உரிமை மாற்றமாகாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் அதிகம் இழந்தவர்கள் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா சென்ற நம் பிள்ளைகள். கைபேசியில் வந்த படத்தைப் பார்த்து மனை வாங்கி, விடுமுறையில் வந்து தேடுவார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் இராக்கிலிருந்த தம் நிலத்தைத் தல்ஹா (ரலி) அவர்களுக்கு விற்றபோது இருவருமே அதைப் பார்த்திருக்கவில்லை. முறிக்கும் உரிமை யாருக்கு என்று வழக்கு எழ, ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) அவர்கள் வாங்கிய தல்ஹாவுக்கே என்று தீர்ப்பளித்தார்கள்.

இந்த அவப்பெயர் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வீட்டை வாங்கி, மேற்பூச்சுப் பூசி, சில வாரங்களில் மிகை மதிப்புக்கு விற்பது பெருகியபோது, வாங்கி 90 நாள்களுக்குள் மறுவிற்பனையாகும் வீட்டுக்கு அரசு காப்புறுதி தரும் கடன் கிடையாது என்று 2003இல் விதி செய்தார்கள். வெள்ளையடித்த விரிசல், மேலே உலர்ந்தும் அடியில் நனைந்தும் இருந்த அந்தத் தானியக் குவியலின் இனம்தான்.

ஆயினும் இத்தொழிலை முழுவதுமாக வெறுப்போரோடு நாம் உடன்படவில்லை. வாரிசுகள் வெளிநாடுகளில் சிதறிக் கிடக்க, ஓடு சரிந்து, பாகப்பிரிவினையும் பட்டா மாற்றமும் முடியாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் மஹல்லாக்களில் எத்தனை! அதை வாங்கி, ஒவ்வொரு வாரிசிடமும் கையெழுத்து பெற்று, சகோதரிகளின் பங்கை மறைக்காமல் கொடுத்து, பழுது நீக்கி விற்பவர் உழைக்கிறார். அவரது லாபம் ஹலால். விற்பதற்கென்றே வாங்கிய சொத்து வணிகச் சரக்கு என்பதால், ஆண்டு நிறைந்தால் அன்றைய சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு. விலையேற்றத்துக்காகக் காத்து வைத்திருப்பவர் விற்கும்போது ஒருமுறை கொடுத்தால் போதும் என்பது மாலிகீ மத்ஹபின் நிலை.

அரசும் விழித்துக்கொண்டது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாதென 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் நடக்கும் திட்டங்களுக்கு அதில் பதிவு தேவையில்லை. பழைய வீடு ஒன்றை வாங்கி விற்கும் நம் ஊர்க்காரரின் வணிகம் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் நடக்கிறது.