குவார்ட்ஸ் இல்லாத குவார்ட்ஸ்

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு பேரைப் பத்தி.

காலேஜ் முதல் வருஷம், கெமிஸ்ட்ரி லேப்ல ஒரு சின்ன சதுரக் குப்பி கொடுப்பாங்க. பேர் க்யூவெட். "இது குவார்ட்ஸ் தம்பி, உடைச்சா உன் ஃபீஸ்ல ஏறும்" என்று லேப் அண்ணா மிரட்டினது இன்னும் ஞாபகம் இருக்கு. ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் குப்பியில குவார்ட்ஸே கிடையாதுன்னு.

அப்போ குவார்ட்ஸ்னா என்ன? பாட்டி கழுத்துல ஸ்படிக மாலை பார்த்திருப்பீங்க. அசல் ஸ்படிகமா இருந்தா அதுதான் குவார்ட்ஸ். சிலிக்கானும் ஆக்சிஜனும் ஸ்கூல் பிரேயர்ல நிற்கிற மாதிரி வரிசை பிசகாமல் நிற்கும். அதை 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாக்கினால் உருகும். ஆறும்போது அணுக்களுக்கு மறுபடி வரிசைக்கு வர நேரம் கிடைக்காது, கலைஞ்ச கூட்டமா அப்படியே உறைஞ்சிடும். ஆட்கள் அதே ஆட்கள், வரிசை மட்டும் போச்சு. அதுதான் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியில சீக்கிரம் உருகணும்னு சோடாவும், கூடவே சுண்ணாம்பும் சேர்ப்பாங்க. இதுல வெறும் சிலிக்கா மட்டும்தான்.

வரிசை போனா என்ன, அவ்வளவு பெரிய விஷயமா? உங்க குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள்ள இருக்கிறது நிஜமான படிகம். கரண்ட் கொடுத்தா சீரா அதிரும், அதை எண்ணித்தான் வாட்ச் நேரம் சொல்லுது. அதையே உருக்கிக் கண்ணாடி ஆக்கினால் அந்தக் குணம் போயிடும், வாட்ச் நின்னுடும். ரெண்டும் வேற வேற பொருள். பின்ன ஏன் ஒரே பேர்?

இதுக்கு நாம 1887ல லண்டனுக்குப் போகணும். சார்லஸ் வெர்னான் பாய்ஸ் என்ற இயற்பியலாளருக்கு ஒரு பிரச்சினை. ரொம்ப மெல்லிய விசைகளை அளக்க ஒரு பொருளை நூலில் தொங்கவிட்டு, நூல் எவ்வளவு முறுக்குதுன்னு பார்க்கணும். பட்டு நூல் ஒருதரம் முறுக்கினா சரியா பழைய இடத்துக்குத் திரும்பி வராது. அவர் என்ன செய்தார் தெரியுமா? குவார்ட்ஸைத் தீயில் உருக்கி, ஒரு வைக்கோல் அம்போட வாலில் ஒட்டி, குறுக்குவில்லில் வைத்து எய்தார். அம்பு பறந்த வழியெல்லாம் கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு இழை நீண்டது. முறுக்கி விட்டா அச்சு அசலா பழைய இடத்துக்கு வந்தது. அந்த இழையை வைத்துத்தான் ஈர்ப்பு மாறிலியை அளந்து 1895ல வெளியிட்டார். இன்றைய மதிப்புக்கும் அதுக்கும் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்ல.

அந்த இழைக்கு அவர் வைத்த பேர் குவார்ட்ஸ் இழை. எதிலிருந்து செய்தாரோ அதோட பேர். உருகின நிமிஷமே குவார்ட்ஸ் காணாமல் போச்சு, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

அடுத்தது ஜெர்மனியின் ஹனாவ் நகரம். அங்கே ஹெரேயஸ் கம்பெனி பிளாட்டினம் உருக்கிக் கொண்டிருந்தது. 1899ல அங்கே இருந்த ரிச்சர்ட் க்யூஷ், ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தீயில் படிகத்தை உருக்கிக் குமிழி இல்லாத கண்ணாடி எடுத்தார். இதுல ஒரு வேடிக்கை: படிகத்தை அவசரப்பட்டுச் சூடாக்கினா வெடிச்சுச் சிதறும். அதுவே கண்ணாடி ஆயிட்டா, சிவக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினாலும் விரிசல் விடாது. சூட்டுல அது விரியறதே அவ்வளவு கம்மி.

இன்னொரு குணமும் இருக்கு. ஜன்னல் கண்ணாடி தடுக்கிற புற ஊதாக் கதிரை இது உள்ளே விடும். அதனால் இதில் பாதரச விளக்கு செய்தாங்க. முதல் உலகப் போர் முடிந்த சமயம், பெர்லினில் பசியில் வாடிய குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ், எலும்பு வளைந்துபோகிற நோய். 1919ல குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் அந்த விளக்கொளியைக் குழந்தைகள் மேல் பாய்ச்சினார். எலும்பில் மறுபடி சுண்ணாம்புச் சத்து ஏறுவது எக்ஸ்ரேயில் தெரிந்தது. வைட்டமின் டி என்ற பேரே அப்போ வரவில்லை. சாதாரணக் கண்ணாடியில் விளக்கு செய்திருந்தால் அந்த ஒளி வெளியவே வந்திருக்காது.

இப்போ பேர் மாறுகிற இடம். 1934ல அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியில் ஃபிராங்க்ளின் ஹைட் என்ற வேதியியலாளர் படிகத்தைத் தொடவே இல்லை. சிலிக்கான் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தின் ஆவியைத் தீக்குள் செலுத்தினார், கண்ணாடி வந்தது. திரவம்னா காய்ச்சி வடிக்கலாம். வடிச்சா இரும்பு மாதிரி அழுக்கெல்லாம் பின்தங்கிடும். பூமியில் கிடைக்கிற எந்தப் படிகத்தைவிடவும் சுத்தம்.

இதுக்கு குவார்ட்ஸ்னு பேர் வைக்க நியாயமே இல்லை. அதனால் ரெண்டு பேர்: இயற்கைப் படிகத்தை உருக்கினது ஃப்யூஸ்டு குவார்ட்ஸ், செயற்கையா செய்தது ஃப்யூஸ்டு சிலிக்கா.

இந்தச் சுத்தம் எதுக்குன்னு 1966ல தெரிந்தது. இங்கிலாந்தின் ஹார்லோவில் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் சொன்னது: கண்ணாடி இழையில் ஒளியை அனுப்பிப் பேசலாம், ஒரு கிலோமீட்டர் கழித்து 100ல 1 பங்கு ஒளி மிஞ்சினால் போதும். அன்றைய நல்ல கண்ணாடியில் 20 மீட்டரிலேயே அந்த நிலைமை. குற்றம் கண்ணாடி மேல இல்ல, அதிலுள்ள அழுக்கு மேலன்னு காவ் வாதாடினார். 1970ல கார்னிங்கில் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் மூணு பேரும் ஹைட் காட்டிய வழியில் போய் அந்த எல்லையைத் தாண்டினாங்க. காவுக்கு 2009ல நோபல் பரிசு.

இன்னைக்கும் கடையில் ரெண்டையும் சும்மா குவார்ட்ஸ்னே விற்கிறாங்க. ஆனா சிப் ஃபேக்டரியில் சிலிக்கான் தகடுகளைச் சுடுகிற உலைக் குழாய் ஃப்யூஸ்டு குவார்ட்ஸ். அதே தகட்டில் புற ஊதா ஒளியால் வடிவம் பதிக்கிற மாஸ்க், ஃப்யூஸ்டு சிலிக்கா. முன்னதில் கொஞ்சம் உலோக அழுக்கு இருக்கும், அது புற ஊதாவை விழுங்கும். பின்னதில், தீயில் பிறந்ததால் நீரின் மிச்சம் இருக்கும், அது அகச்சிவப்பை விழுங்கும். மாத்திப் போட்டா வேலை கெட்டுடும்.

அதனால லேபிள்ல குவார்ட்ஸ்னு பார்த்தா, எதிலிருந்து செஞ்சதுன்னு ஒரு கேள்வி கேளுங்க. லேப் அண்ணா பேரைத்தான் தப்பா சொன்னார். விலையைப் பத்தி அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.