மருந்திற்கும் ஓர் அளவுண்டு: ஏர்வாடி விட்டுச்சென்ற பாடம்

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீ நெருங்குவதைக் கண்ணால் கண்டும் அவர்களால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் பெற்ற தாயும் தந்தையும் உடன்பிறந்தோருமே. குத்புஸ் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது (வலி) அவர்கள் அடங்கியுள்ள தர்காவிற்கு, நோயுற்றோரை அழைத்து வந்து தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. முஸ்லிம்கள் மட்டுமன்றிப் பிற சமயத்தாரும் வந்தனர். அருகில் மனநல மருத்துவர் இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லை. ஊராரின் பேச்சைத் தாங்கும் வலிமையும் இல்லை. இந்த இயலாமையின் மீதுதான் கட்டணம் வாங்கும் காப்பகங்கள் எழுந்தன. அங்கே மருந்து இல்லை, சங்கிலி இருந்தது.

தீ அணைந்த சில நாள்களிலேயே அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மனநல நிலையங்களைச் சீர்செய்யுமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. காப்பகத்தை நடத்தியோர் 2007-இல் சிறைத்தண்டனை பெற்றனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என 95-ஆம் பிரிவில் தெளிவாகத் தடை விதித்தது. குஜராத்தின் மெஹ்ஸானா மாவட்டத்திலுள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008-இல் தொடங்கிய ‘தவா–துஆ’ என்னும் முறை, பின்னாளில் ஏர்வாடிக்கும் வந்தது. தவா என்றால் மருந்து. துஆ என்றால் பிரார்த்தனை. பிரார்த்திக்க வருவோர் அங்கேயே மனநல மருத்துவரையும் காணலாம் என்பதே அம்முறையின் சாரம்.

இந்த வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் வளரும் சில குழந்தைகளைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிள்ளை. தொடங்கிய எழுத்தை முடிக்காத பிள்ளை. குர்ஆன் மதரஸாவில் நேற்று ஓதிய பாடத்தை இன்று மறந்து அடிவாங்கும் பிள்ளை. இத்தகையோருள் சிலருக்கு இருப்பது வெறும் சேட்டை அன்று. மருத்துவர்கள் அதனை ஏ.டி.எச்.டி. என்பர். கவனத்தை நிறுத்துவதிலும், உடலையும் அவசரத்தையும் கட்டுப்படுத்துவதிலும் மூளைக்கு ஏற்படும் வளர்ச்சிசார் இடர்ப்பாடு அது. அது பைத்தியம் அன்று. ஏர்வாடியில் கட்டப்பட்டிருந்தோரின் நோயும் அன்று. ஆயினும் ‘மனநல மருத்துவர்’ என்னும் சொல்லைக் கேட்டதும் இக்கடற்கரையின் பெற்றோர் மனத்தில் அந்தச் சங்கிலியே நிழலாடுகிறது. எனவே சிலர் மருத்துவரிடம் செல்வதே இல்லை. சிலர் செல்கின்றனர், முதல் வாரத்தில் குழந்தை சோறு உண்ணவில்லை என்றோ, மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்றோ மருந்தை நிறுத்திவிடுகின்றனர். முதல் இழப்பைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். இரண்டாவது இழப்பைப் பற்றியே நாம் இங்கு பேசுகிறோம்.

மருந்து ஒன்றைத் தருவது வேறு. அதன் சரியான அளவைக் கண்டடைவது வேறு. நம் மரபு இதனை நன்கறியும். தம் சகோதரரின் வயிற்றுக் கோளாற்றைப் பற்றி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தேன் புகட்டுமாறு நபியவர்கள் கூறினார்கள். பயனில்லை என்று அவர் திரும்பத் திரும்ப வந்தபோதும், மீண்டும் தேனே கொடுக்கச் சொன்னார்கள்; இறுதியில் நோய் நீங்கியது. 14-ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் தருகையில், மருந்தின் அளவு நோயின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும் என்றும், குறைந்தால் நோய் தீராது, மிகுந்தால் வேறு தீங்கு நேரும் என்றும் கருத்துரைத்தார்கள். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே, 9-ஆம் நூற்றாண்டில், அல்கிந்தி கூட்டுமருந்துகளின் வீரியத்தை எண்களால் கணக்கிட முயன்று ஒரு நூலே எழுதினார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப்பகுதி இருந்தது. அதன் செலவை வக்ஃபு சொத்துகள் தாங்கின. மனம் சார்ந்த துன்பத்திற்கு மருத்துவம் தேடுவது நமக்குப் புதிதன்று.

ஏ.டி.எச்.டி. மருந்தின் வரலாறும் ஒரு பெற்றோரின் துயரிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், மூளைக்காய்ச்சலால் முடங்கிய தம் மகள் எம்மாவின் பெயரில், பிராட்லி குடும்பத்தார் குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்று அமையத் தம் செல்வத்தை விட்டுச்சென்றனர். அங்கே 1937-இல் மருத்துவர் சார்லஸ் பிராட்லி 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்னும் மருந்தைத் தந்து பார்த்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பள்ளிப்பாடத்தில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். 1944-இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்தை உருவாக்கினார். இன்றும் இக்குறைபாட்டிற்குப் பெரிதும் தரப்படுவது அதுவே.

அளவைப் பற்றிய பெரும் பாடம் 1999-இல் வெளியானது. அமெரிக்காவில் 7 முதல் 9 வயது வரையுள்ள 579 குழந்தைகளை நான்கு பிரிவாக்கி 14 மாதங்கள் கவனித்தனர். ஒரு பிரிவினருக்கு முதல் மாதத்திலேயே பல அளவுகளைச் சோதித்து, ஏற்ற அளவைத் தேர்ந்து, பின் மாதந்தோறும் பார்த்துவந்தனர். மற்றொரு பிரிவினர் தத்தம் ஊர் மருத்துவரிடமே சென்றனர். அவர்களிலும் மூன்றில் இரு பங்கினர் மருந்து உண்டனர். ஆனால் அளவு குறைவு, மறுபார்வையும் அரிது. குறிகள் நன்கு தணிந்தவை முதற்பிரிவினருக்கே. பெரும்பாலும் ஒரே வகை மருந்துதான். கவனித்துக் கொடுத்த முறையே வேறு.

அந்த முறையை நம் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று. மெத்தில்ஃபெனிடேட் பொதுவாக 5 மில்லிகிராம் போன்ற சிறிய அளவிலேயே தொடங்கப்படும். வாரத்திற்கொரு முறை சிறிது சிறிதாக உயர்த்தப்படும். குழந்தையின் எடையைக் கொண்டு மட்டும் இம்மருந்தின் அளவை முடிவுசெய்ய இயலாது. ஒரே எடையுள்ள இரு பிள்ளைகளுக்கு இருவேறு அளவு தேவைப்படலாம். சாதாரண மாத்திரையின் பயன் நான்கு மணி நேரம் அளவே நிற்கும். மெல்லக் கரையும் வகை கூடுதல் நேரம் நிற்கும். பசி குறைதல், தூக்கம் தள்ளிப்போதல், வயிற்றுவலி, தலைவலி ஆகியன நேரலாம். அளவையோ வேளையையோ மாற்றினால் அவற்றுள் பல தணியும். குழந்தை வழக்கமான கலகலப்பை இழந்து சோர்ந்து ஒடுங்கினால், அளவு மிகுந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அட்டோமாக்செட்டின் என்னும் மற்றொரு மருந்தோ மெல்ல வேலை செய்வது. அதன் முழுப்பயன் தெரிய பல வாரங்கள் ஆகும். பத்து நாளில் அதனைக் கைவிடுவது, விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே பெற்றோரின் கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். மருந்து தந்த நேரம், உண்ட உணவு, உறங்கிய பொழுது, பள்ளி ஆசிரியரும் மதரஸா ஹஸ்ரத்தும் கண்ட மாற்றம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் அவ்வப்போது பார்க்கட்டும். மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் கடுங்கட்டுப்பாட்டிலுள்ள மருந்து. எல்லாக் கடைகளிலும் கிடைக்காது, மருத்துவரின் சீட்டின்றித் தரவும் மாட்டார்கள். தீர்ந்தபின் தேடி அலையாமல் முன்கூட்டியே வாங்குங்கள். பிற பிள்ளைக்கு எழுதியதை உங்கள் பிள்ளைக்குத் தராதீர்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் மருந்தைவிட, பெற்றோர் கற்கும் நடத்தைப் பயிற்சியே முதற்படி. பெரிய பிள்ளைகளுக்கும் மருந்தோடு அப்பயிற்சியும் பள்ளியின் துணையும் வேண்டும். எங்கே தொடங்குவதென அறியாதோர் 14416 என்னும் அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

ரமளானில் நோன்பு வைக்கத் துடிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. பருவமடையாதோர்மீது நோன்பு கடமையன்று. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்துள்ளது. மருந்தை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ நாமாக மாற்றிக்கொள்ளாமல், ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வோம்.

ஓதிய தண்ணீரைக் கொடுக்க வேண்டாம் என எவரும் சொல்லவில்லை. தஹஜ்ஜுதில் உம்மாவின் கை உயரட்டும். காலையில் அதே கை சரியான நேரத்தில் சரியான மாத்திரையையும் எடுத்துத் தரட்டும். ஏர்வாடியில் மாண்ட 28 பேருக்காகவும் துஆ செய்தோர் இருந்திருப்பர். அவர்களுக்குக் கிட்டாமற்போனது மருந்தும், அதனைப் பொறுமையோடு அளந்து தரும் கைகளும். அவ்விரண்டும் இன்று நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன. நம் பிள்ளைகளுக்கு அவற்றை மறுக்காதிருப்போமாக. அல்லாஹ் அவர்களுக்கு ஆஃபியத்தையும் நமக்கு ஸபுரையும் அருள்வானாக. ஆமீன்.