கற்பிட்டி மணலும் சுருட்டின் ருசியும்

சுருட்டு எண்டவுடன் நம்மில் பலருக்கு ஞாபகம் வாறது சே குவேராவின் படமோ சர்ச்சிலின் படமோதான். ஆனால் ஆங்கிலத்தில் 'செரூட்' எண்டு சொல்லுறாங்களே, அந்தச் சொல் நம்மட 'சுருட்டு'தான். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டு எண்டு சாம்பலை வைத்தே ஹோம்ஸ் கண்டுபிடிப்பார்.

சொல் நம்மட எண்டாலும் செடி வெளியிலிருந்து வந்தது. 1492இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவில் இலையைச் சுருட்டிப் புகைப்பவர்களைக் கண்டார்கள். அந்தச் செடியை நம்ம பக்கம் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1667 தொடக்கம் 1676 வரை கட்டிய கோட்டை இன்றும் கற்பிட்டியில் நிற்கிறது. கட்டியவர்கள் போய்விட்டார்கள்; புகையிலை போகவில்லை.

சுருட்டுக்கு ஏன் 'ருசி' பார்க்கிறார்கள்? அதன் புகை காரத்தன்மை கொண்டது. அதனால் நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும். சிகரெட் மாதிரி நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை. புகையை வாய்க்குள் வைத்து, நாக்கில் உறைப்பும் கசப்பும் பட்டபிறகு மெல்ல விடுவார்கள்.

அந்த ருசியில் மண்ணுக்கும் பங்கு இருக்கு. கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில் மணல். தோட்டமெல்லாம் கிணற்றுத் தண்ணியை நம்பித்தான். தண்ணியில் உப்பு ஏறினால் இலையில் குளோரைடு கூடும். அந்த இலை ஒழுங்காக எரியாது, அடிக்கடி அணையும்.

அடுத்த பங்கு தோட்டக்காரரின் கைக்கு. பூக்கும் நேரம் செடியின் தலையைக் கிள்ளிவிட்டால் இலை தடிக்கும், நிக்கோட்டின் கூடும், உறைப்பும் ஏறும். யாழ்ப்பாணத்தில் இலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சு எரித்துப் புகை போடுவதும் உண்டு.

இந்த ருசிக்கு உடம்புதான் விலை கொடுக்கிறது. ஈர இலையை வெறுங்கையால் முறிக்கிறவருக்குத் தோல் வழியாக நிக்கோட்டின் ஏறி, தலை சுற்றும், வாந்தி வரும். புகைக்கிறவருக்கு வாய்ப் புற்றுநோய் வரலாம். 'நான் உள்ளுக்கு இழுக்கிறதில்லையே' எண்டு சொல்லுறவங்களும் தப்ப முடியாது. புகை தங்குற இடமே வாய்தானே!

2020க்குள் புகையிலைச் செய்கையை நிறுத்தப்போவதாக நம்ம அரசாங்கம் அறிவித்தது. அந்த வருஷம் போய்விட்டது, செய்கை நிற்கவில்லை. விவசாயியின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்க. தக்காளியைப் பறித்தால் உடனே விற்க வேணும். காய்ந்த புகையிலையை விலை ஏறும்வரை வைத்திருக்கலாம்.

புகையிலை வேண்டாம் எண்டுதான் நானும் சொல்லுறன். ஆனால் அதே மணலில், அதே கிணற்றுத் தண்ணியில் வேறென்ன நடலாம், அதை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள் எண்டதையும் சேர்த்துத்தான் நாம் கதைக்க வேணும்.