பலகை ரோடு முதல் கேரவன் ஊர் வரை: ஒரு மணல்மேட்டின் வரலாறு

நம்ம ஊர்ல சினிமா ஷூட்டிங் நடக்கிற இடத்தில் ஓரமா நிற்குமே கேரவன், அதை அமெரிக்காவில் ஆர்.வி. என்பார்கள். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட், ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கும். ஓட்டிக்கிட்டுப் போற வீடு.

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை அவர்களுக்கு தேங்க்ஸ்கிவிங். அந்த லீவில் கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கிற ஒரு மணல்காட்டுக்கு ஆயிரக்கணக்கான ஆர்.வி.க்கள் வந்து சேரும். ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுவார்கள். அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. எல்லாமே கையோடு கொண்டுபோக வேண்டியதுதான். நாலு நாள் அது ஒரு ஊர். அஞ்சாவது நாள் மறுபடி மணல்.

அந்த இடத்துக்குப் பெயர் அல்கோடோனஸ் மணல்மேடுகள். அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் இம்பீரியல் சாண்ட் டியூன்ஸ்.

"டாக்டர், உங்களுக்கு இது எதுக்கு?"ன்னு கேட்பீங்க. இந்த மணலின் கதையில் பாதி மருத்துவம்தான் சொந்தங்களே. த்ரெட் கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல அளவு புரியணும். நீளம் சுமார் 72 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை. அகலம் சில இடங்களில் 10 கிலோமீட்டர். உயரமான மேடுகள் 90 மீட்டர் வரை போகும். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தைவிட உயரம். நம்ம தூத்துக்குடி தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு மணல் நகர்வதுன்னா என்னன்னு தெரியும். ஆனால் தேரியில் பனை நிற்கும், முந்திரி நிற்கும். இங்கே நடுப்பகுதியில் பெரிதாக எதுவும் கிடையாது.

இந்த மணல் வந்த வழி: கொலராடோ ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாக வண்டல் கொண்டுவந்து கொட்டிய இடத்தில் கவ்வியா என்ற பெரிய ஏரி இருந்தது. அது நிறையும், வற்றும், மறுபடி நிறையும். வற்றிய காலத்தில் கரை மணலைக் காற்று தூக்கி வந்து இங்கே குவித்தது.

1774. ஸ்பெயின் ராணுவத்தின் கேப்டன் ஹுவான் பௌதிஸ்தா தே அன்சா, இன்றைய அரிசோனாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தரைவழி தேடிக் கிளம்புகிறார். வழிகாட்டி செபாஸ்டியன் தராபல் என்ற பழங்குடி மனிதர். அவர் கலிஃபோர்னியாவில் ஒரு கிறிஸ்தவ மிஷனிலிருந்து தப்பி, இதே பாலைவனத்தைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்.

அப்படிப்பட்ட ஆள் கூட இருந்தும், மேடுகளைப் பார்த்ததும் பயணம் நின்றுவிட்டது. பொதி சுமந்த மிருகங்கள் துவண்டு போயின. தண்ணீர் இல்லை. அன்சா திரும்பினார். கொலராடோ ஆற்றங்கரையில் இருந்த கெச்சான் மக்களிடம் சாமான்களில் பெரும்பகுதியை விட்டுவிட்டு, சுமையைக் குறைத்துக்கொண்டு, மணலைத் தெற்கே சுற்றிப் போய்த்தான் கலிஃபோர்னியாவை அடைந்தார்.

1877-ல் ரயில் வந்தது. அதுவும் மேடுகளின் கிழக்கு ஓரமாகவே ஒதுங்கிப் போனது. மணலோடு யாரும் மோதவில்லை.

மோத வைத்தது கார்.

1910களில் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியாகோவுக்கும் ஒரு போட்டி. கிழக்கிலிருந்து வரும் நெடுஞ்சாலை எந்த ஊரில் முடியணும்? ரோடு எந்த ஊருக்கு வருதோ அந்த ஊருக்குத்தான் வியாபாரம். சான் டியாகோவுக்கு நேர்வழி வேணும்னா இந்த மணலைக் கடந்தே ஆகணும். அந்த ஊர்த் தொழிலதிபர் எட் ஃபிளெட்சர் இதைத் தலைமேல் போட்டுக்கொண்டார். 1912-ல் நடந்த ஒரு கார் பந்தயத்தில் அவரே இந்த வழியாக வந்தார். மணலில் காரைக் குதிரைகள் கட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது!

மூன்று வருஷம் கழித்து ஒரு யோசனை வந்தது. மணல்மேல தார் ரோடு நிற்காது. பலகை போட்டா?

நிதி திரட்டி 13,000 பலகைகள் வாங்கினார்கள். ரயிலில் ஹோல்ட்வில் என்ற சிறிய ஊருக்கு வந்து இறங்கின. (இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.) 1915 பிப்ரவரியில் வேலை ஆரம்பம், ஏப்ரலில் முடிந்தது. இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு பலகைத் தடம், ஒவ்வொன்றும் 25 அங்குல அகலம். நடுவில் மணல். நீளம் பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான் ரோடு.

ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. கூட்டம் அதிகம், மணலும் மூடியது. 1916-ல் மாநில நெடுஞ்சாலைத் துறை புதிதாகப் போட்டது. இந்த முறை செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எட்டடி அகலம், பன்னிரண்டடி நீளத்தில் பலகைகளைத் தட்டி மாதிரி முன்கூட்டியே அடித்து, வண்டியில் கொண்டுவந்து வரிசையாகப் பரப்பினார்கள். மணல் மூடினால்? தட்டியைத் தூக்கி மறுபடி மேலே போடு. நகர்கிற மணலுக்கு நகர்கிற ரோடு!

எட்டடியில் ஒரு கார்தான் போகும். அதனால் ஆயிரம் அடிக்கு ஒரு ஒதுங்கும் இடம். எதிரே வண்டி வந்தால் யார் ரிவர்ஸ் எடுக்கிறது? நம்ம ஊர் ஒற்றையடிப் பாலத்தில் நடக்கிற அதே பஞ்சாயத்துதான். சக்கரம் பலகையைவிட்டு இறங்கினால் வண்டி மணலில் புதைந்துவிடும். கோவேறு கழுதைகளைக் கட்டி ரோட்டு மேல விழுந்த மணலை இழுத்துத் தள்ளுவதே ஆட்களுக்கு முழுநேர வேலை.

பத்து வருஷம் இதுதான் கிழக்கையும் சான் டியாகோவையும் இணைத்த பாதை. 1926 ஆகஸ்டில் 20 அடி அகலத் தார் கான்கிரீட் ரோடு திறந்ததும் பலகைக்கு வேலை போயிற்று. மிச்சம் மீதி இருந்ததைப் பொறுக்கி, ஒரு துண்டை மட்டும் வேலி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

மணலைக் கடக்க வழி கிடைத்தாச்சு. அங்கே தங்குவது? அதற்கு முதலில் உடம்பைப் புரிஞ்சுக்கணும். அது ஒரு யுத்தத்தில் நடந்தது.

1942. வட ஆப்பிரிக்கப் போருக்கு வீரர்களைத் தயார்செய்ய, ஜெனரல் பேட்டன் தலைமையில் கலிஃபோர்னியா, அரிசோனா பாலைவனங்களில் பிரம்மாண்டமான பயிற்சி மையம் ஆரம்பித்தார்கள். அதில் ஒரு முகாம் இந்த மேடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்றைக்கு ராணுவத்தில் ஒரு நம்பிக்கை: தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், குறைந்த தண்ணியில் வாழ உடம்பு பழகிடும்.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் விஞ்ஞானி ஈ.எஃப். அடால்ஃப் தன் குழுவோடு பாலைவனத்துக்கே வந்து வீரர்களின் எடை, வியர்வை, சிறுநீர், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் அளந்தார். பதில் தெளிவாகக் கிடைத்தது: பழகாது. வெயிலுக்கு உடம்பு பழகும். தாகத்துக்குப் பழகாது. வியர்வையில் போனது திரும்பி வந்தே ஆகணும்.

இன்னொன்றும் கவனித்தார்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தாலும், தாகம் எடுக்கும்போது மட்டும் குடித்தால் மனிதன் இழந்த அளவைவிடக் குறைவாகத்தான் குடிக்கிறான். 1947-ல் அவர்கள் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். மே மாசத்தில் வயல் வேலை, சித்தாள் வேலை பார்த்துட்டு மயங்கி நம்ம அரசு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட "தாகம் எடுக்கலைன்னாலும் குடிங்கம்மா"ன்னு நாங்க சொல்றதுக்கு அடிப்படை இந்த வகை ஆய்வுகள்தான்.

போர் முடிந்தது. ராணுவ ஜீப்புகள் மலிவு விலைக்கு வந்தன. இளைஞர்கள் அதை மணலில் ஓட்டிப் பார்த்தார்கள். 1964-ல் புரூஸ் மேயர்ஸ் ஃபைபர்கிளாஸ் உடம்பில் டியூன் பக்கி செய்தார். 1970-ல் ஹோண்டா ஒரு வண்டியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பலூன் மாதிரி மூன்று பெரிய டயர்கள். பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். அப்பாக்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

இங்கேதான் அவசரப் பிரிவு உள்ளே வருது.

அந்த மூன்று சக்கர வண்டியைத் திருப்புவது சைக்கிள் மாதிரியும் கிடையாது, கார் மாதிரியும் கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றும். திருப்பும்போது உடம்பின் எடையைச் சரியான பக்கம் மாற்றினால்தான் அது திரும்பும். எட்டு வயசுப் பையனுக்கு அந்த எடையும் இல்லை, கணிப்பும் இல்லை. சாயும்போது பயத்தில் காலை ஊன்றுவான். பின் சக்கரம் அந்தக் கால்மேலேயே ஏறும். வண்டி கவிழ்ந்து மேலே விழும். தலைக்காயம், கழுத்து எலும்பு முறிவு, நெஞ்சில் அடி.

1980களில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கானோர் இந்த வகை வண்டிகளால் இறந்தார்கள். அதில் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கணிசம். குழந்தை மருத்துவர்கள் விடாமல் சத்தம் போட்டார்கள். கடைசியில் 1988-ல் அரசும் கம்பெனிகளும் நீதிமன்றத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: புதிய மூன்று சக்கர வண்டி விற்பனை நிறுத்தம், பெரிய வண்டிகளைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, பயிற்சி கொடுக்கணும். ஏற்கெனவே விற்றதைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை விட்டது எனக்கு இன்றைக்கும் உறுத்துது. வீட்டு ஷெட்டில் நின்ற வண்டிகள் அப்படியே நின்றன, ஓடின.

இன்றைக்கு அந்த மணலில் ஓடும் ஒவ்வொரு வண்டியும், தரையிலிருந்து எட்டடி உயரத்துக்கு ஒரு கம்பியில் கொடி கட்டணும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏறி வர்ற வண்டி தெரியாது, கொடி தெரியும். எளிமையான விதி. மேட்டின் மறுபக்கம் செங்குத்தாக விழுந்து முதுகெலும்பு நொறுங்குவதைக் கொடி தடுக்காதுதான்.

இப்ப ஆர்.வி. வீட்டு வசதியோடு கார் என்பது 1910-லேயே வந்துவிட்டது, பணக்காரர்களுக்கு. 1966-ல் அயோவா மாநிலத்தின் வின்னபேகோ கம்பெனி தொழிற்சாலை வரிசையில் மோட்டார் ஹோம் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. அப்புறம் பின்பக்கம் வண்டி ஏற்றிக்கொள்ளும் கராஜ் வைத்த டிரெய்லர்களும் வந்தன. முன்னாடி படுக்கை, பின்னாடி பெட்ரோல் வண்டி. மணலில் வாரக்கணக்கில் தங்குவது சாதாரணமாயிற்று.

தண்ணீர்ப் பிரச்சனை டேங்கில் தீர்ந்தது. வெயில் ஏசியில் தீர்ந்தது. அந்த ஏசிக்கு ஜெனரேட்டர் ஓடணும்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தூக்கம். "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலை"ன்னு படுப்பார்கள். விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர்கூட ஏமாறும், 98 என்று காட்டும். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தமும் அதுக்கு ஆக்சிஜன் ஏறின ரத்தம் மாதிரிதான் தெரியும்.

இது அமெரிக்கக் கதைன்னு நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளா வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகைதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இப்போ நம்ம பக்கமும் கேரவன் வாடகைக்குக் கிடைக்குது. எடுக்கிறவங்க, உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்யுதான்னு பார்த்துட்டு சாவி வாங்குங்க. ஜெனரேட்டரை ஓடவிட்டு அதுக்குள்ளேயே தூங்காதீங்க.

சரி, மணலுக்குத் திரும்புவோம்.

1994-ல் இரண்டு விஷயம் நடந்தது. மேடுகளின் வடபகுதியை வண்டி நுழையக் கூடாத வனப்பகுதியாக அறிவித்தார்கள். தெற்கே வண்டிக்காரர்களுக்கு, வடக்கே செடிக்கும் பல்லிக்கும். இது நல்ல ஏற்பாடு. அதே வருஷம் சான் டியாகோ பக்கம் எல்லைக் காவலைக் கடுமையாக்கினார்கள். நகரம் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்த மெக்சிகோ, மத்திய அமெரிக்க ஏழைகள் கிழக்கே தள்ளப்பட்டார்கள். கிழக்கே இருந்தது பாலைவனம், இந்த மணல், அதன் நடுவே ஓடுகிற ஆல் அமெரிக்கன் கால்வாய்.

மணலுக்கு நடுவே எல்லை வேலி எப்படிக் கட்டுவது? அஸ்திவாரம் நிற்காதே. சில வருஷங்கள் கழித்து இரும்புக் குழாய்களால் துண்டு துண்டாகச் செய்து, மணல்மேல் சும்மா உட்கார வைத்தார்கள். மிதக்கும் வேலின்னு பெயர். மணல் மூடினால் இயந்திரத்தால் தூக்கி மறுபடி மேலே வைப்பார்கள். 1916-ல் பலகைத் தட்டிக்குச் செய்த அதே வேலை. அன்றைக்கு ஆட்களைக் கடக்க வைக்க, இன்றைக்குக் கடக்கவிடாமல் இருக்க.

கடக்க முயன்று வெயிலிலும் தாகத்திலும் விழுந்தவர்கள், கால்வாயில் மூழ்கியவர்கள் பலருக்கு அடையாளம் கிடைக்கவில்லை. உடம்பில் காகிதம் இருக்காது, கேட்டு வர ஆள் இருக்காது. நூற்றுக்கணக்கானவர்களை அந்த மாவட்டத்தின் ஒரு கல்லறைத் தோட்டத்தில், புல் இல்லாத பின்பக்கத்தில் புதைத்தார்கள். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு செங்கல். பெயர் தெரியாத ஆணுக்கு அமெரிக்காவில் எழுதுகிற ஜான் டோ என்ற பெயர் அதில்.

அந்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிற ஊர் ஹோல்ட்வில். 1915-ல் பலகைகள் வந்து இறங்கிய அதே ஊர்.