மூலையிலிருந்து வந்த கோல்

எனக்குப் பந்தை உதைக்க வராது. சிறு வயதில், எங்கள் ஊர் ஆற்று மணலில் மேலத் தெருவும் கீழத் தெருவும் கால்பந்து ஆடும்போது, மூக்குக் கண்ணாடி போட்ட என் கையில் ஒரு விசிலைக் கொடுத்து நடுவராக நிறுத்திவிடுவார்கள். நான் மேலத் தெருக்காரன். ஒரு நாள் கீழத் தெருப் பையன் ஒருவன் கார்னரிலிருந்து உதைத்த பந்து, யார் மேலும் படாமல் வளைந்து வந்து நேரே எங்கள் கோலுக்குள் புகுந்துவிட்டது. "கார்னரிலிருந்து நேராகப் போனால் கோல் கிடையாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு சட்டம் இல்லையென்று எனக்குத் தெரியும். அவன் சண்டைக்கு வரவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

வேடிக்கை என்னவென்றால், நான் இட்டுக்கட்டிய சட்டம் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்ததுதான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1872-இல் கார்னர் உதையை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், அதிலிருந்து நேரடியாகக் கோல் போட முடியாது என்பதே விதி. அதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். மூலையில் நிற்பவனுக்கு 8 கஜ அகலமுள்ள கோல் ஒற்றைக் கம்பமாகத்தானே தெரியும்? ஆகவே பந்தைக் கோலை நோக்கி உள்ளே வளைப்பதோ, கோல்காப்பாளன் கைக்கு எட்டாமல் வெளியே வளைப்பதோ, பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்கு மெல்லத் தட்டிவிடுவதோதான் உதைப்பவன் வேலை. முடிப்பது வேறொருவன் பொறுப்பு.

1924 ஜூனில் சர்வதேசச் சட்டக் குழு விதியை மாற்றியது. நேராகப் போனாலும் கோல்தான். ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. உதைத்தவனே மறுபடி பந்தைத் தொடலாமா என்பது அதில் இல்லை. எவர்ட்டன் ஆட்டக்காரர் சாம் செட்ஜாய் அதே ஆண்டில் மூலையிலிருந்து பந்தைத் தாமே உருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! பிறகு அந்த ஓட்டையையும் அடைத்தார்கள்.

அதே ஜூனில், பாரிஸ் ஒலிம்பிக்கில் உருகுவே தங்கம் வென்றிருந்தது. அண்டை நாடான அர்ஜென்டினாவுக்கு அந்தச் சாம்பியன்களோடு மோதிப் பார்க்காமல் தூக்கம் வருமா? செப்டம்பர் 28-இல் போனஸ் அயர்ஸில் ஆட்டம் தொடங்கியது. ஜனங்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட்டதால் அது நின்றுபோயிற்று. மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, அக்டோபர் 2-இல் மறுபடி ஆடினார்கள்.

பதினைந்தாவது நிமிஷம். அர்ஜென்டினாவுக்குக் கார்னர். செசாரியோ ஒன்சாரி உதைத்தார். பந்தின் ஓரத்தில் உதைத்தால் அது சுழன்றுகொண்டே போகும். சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். பந்து வளைந்தது, யார் மேலும் படாமல் கோலுக்குள் விழுந்தது. ஒலிம்பிக் வீரர்களுக்கு எதிராகப் போட்டது என்பதால் 'ஒலிம்பிக் கோல்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். தோற்றவர்களின் பட்டத்தை ஜெயித்த கோலுக்கு வைத்ததில் கொஞ்சம் குறும்பும் இருக்கத்தான் செய்கிறது. அன்று 2-1 என்று அர்ஜென்டினா ஜெயித்தது. கூட்டத்தின் கல்வீச்சைப் பொறுக்காமல் உருகுவேக்காரர்கள் ஆட்டம் முடியுமுன்பே வெளியேறிவிட்டார்கள்.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1962-இல் சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பையில், கொலம்பியாவின் மார்க்கோஸ் கோல், உலகமே மெச்சிய சோவியத் கோல்காப்பாளர் லெவ் யாஷினையே இப்படி ஏமாற்றினார். 1-4 என்று பின்தங்கியிருந்த கொலம்பியா, அதன் பிறகு வீறுகொண்டு ஆடி 4-4 என்று சமன் செய்தது.

எல்லோரும் ஒன்சாரியின் காலைப் புகழ்கிறார்கள். என் மனம் போவது வேறிடத்துக்கு. அன்றைய நடுவர் ரிக்கார்டோ வல்லரீனோ ஓர் உருகுவேக்காரர். தோற்றுக்கொண்டிருந்தது அவருடைய சொந்த நாடு. விதியோ மாறிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 'அது எனக்கு எட்டவில்லை' என்று கையை விரித்திருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்? அவர் அப்படிச் செய்யவில்லை. கோல் கொடுத்தார்.

எங்கள் ஆற்று மணலில் அன்று மேலத் தெரு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்ததாக எழுதி வைத்தோம். இத்தனை வருஷம் கழித்துத் திருத்துகிறேன். ஒன்றுக்கு ஒன்று.