கார்டியாக் அரெஸ்ட்: பத்தே ஆண்டில் பிழைப்பவர்கள் மூன்று மடங்கு! டென்மார்க் என்ன செய்தது?

ஆபீஸ் கேன்டீனில் பக்கத்தில் நின்றவர் திடீரென்று சரிந்து விழுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சும் இல்லை. யாரோ 108-க்கு போன் போடுகிறார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அவர் உயிர் இருக்கிறது.

2001-ல் டென்மார்க்கில் இப்படி விழுந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு, பக்கத்தில் இருந்த யாரும் சிபிஆர் செய்யவில்லை. 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வெறும் 3.5%. 2010-ல் அது 10.8%. இந்த மாற்றம் எப்படி வந்தது?

மாரடைப்பும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஏற்படும் அடைப்பு. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். கார்டியாக் அரெஸ்ட்டில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதையே நிறுத்திவிடும். சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மாரடைப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணம். சிபிஆர் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை சுமார் 7 முதல் 10% வரை குறைக்கிறது.

டென்மார்க் எங்கே தொடங்கியது?

எண்ணுவதில். மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் ஒவ்வொரு கார்டியாக் அரெஸ்ட்டையும் 2001 முதல் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பதிவு செய்கிறார்கள். யாராவது நேரில் பார்த்தார்களா, சிபிஆர் செய்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். குடிமக்கள் அடையாள எண் வழியாக இது இறப்புப் பதிவேட்டோடு இணைகிறது. அதனால் யார் பிழைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

யாரெல்லாம் கைகோத்தார்கள்?

2005-ல் பள்ளிகளில் சிபிஆர் பயிற்சி கட்டாயமானது. 2006-ல் டிரைவிங் லைசென்ஸ் வாங்கவும் அது கட்டாயம். வீட்டிலேயே பழக சுமார் 1,50,000 பயிற்சி கிட்கள் போய்ச் சேர்ந்தன. 2009 முதல் அவசர அழைப்பு மையங்களில் மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள் அமர்ந்தார்கள்.

டேட்டா என்ன சொல்கிறது?

2001-ஐயும் 2010-ஐயும் ஒப்பிட்டால்:

- பொதுமக்கள் சிபிஆர் செய்தது: 21.1% → 44.9%
- பொதுமக்கள் ஏஇடி கருவியால் ஷாக் கொடுத்தது: 1.1% → 2.2%
- 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: 3.5% → 10.8%

இதே காலத்தில் ஆம்புலன்ஸ் சேவையும் மருத்துவமனைச் சிகிச்சையும் மேம்பட்டன. அதனால் முழுப் பெருமையையும் சிபிஆருக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் இரண்டாவது வரியைக் கவனியுங்கள். கருவியைப் பயன்படுத்தியவர்கள் அப்போதும் மிகக் குறைவு. பெரிய மாற்றம் பயிற்சி பெற்ற கைகளில்தான்.

சரி, நம்ம நாட்டில்?

பயிற்சி தொடங்கிவிட்டது. 2023 டிசம்பர் 6 அன்று மத்திய அரசு நாடு தழுவிய சிபிஆர் விழிப்புணர்வு நிகழ்ச்சியை நடத்தியது. தெலங்கானாவின் வாரங்கல் பகுதியில் ஆய்வாளர்கள் ஒரு பதிவேட்டையும் உருவாக்கினார்கள். ஆனால் டென்மார்க் மாதிரி நாடு முழுக்க ஒவ்வொரு சம்பவத்தையும் எண்ணும் பதிவேடு இங்கே இல்லை. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று சொல்லலாம்; அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

1. பதிலும் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் உடனே 108 அல்லது 112-ஐ அழையுங்கள். போனை ஸ்பீக்கரில் போடுங்கள்.
2. நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள்.
3. ஏஇடி இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன செய்யணும்னு அதுவே குரலில் சொல்லும்.

படித்தால் மட்டும் போதாது, ஒருமுறை பொம்மையில் அழுத்திப் பார்த்தால்தான் கைக்குப் பழகும். அடுத்த முறை ஹெச்.ஆர். ‘டீம் அவுட்டிங்’ பற்றிப் பேசும்போது, ஒரு மணி நேர சிபிஆர் பயிற்சியைக் கேட்டுப் பாருங்கள். ஏஇடி எந்த மாடியில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.